நனைந்த ஃபியூஸ் பாக்ஸ்... வெயிலில் காய்ந்தால் மட்டும் போதுமா?

பெங்களூரில் ரெண்டு நாள் விடாமல் மழை அடித்தால், ஓசூர்க்காரர்களுக்கு அடுத்த சேதி கெலவரப்பள்ளியிலிருந்து வரும். அணையின் மதகுகளைத் திறந்ததும் தென்பெண்ணை ஆறு முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை. தூரத்தில் நின்று பார்த்தால் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல இருக்கும். கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் அணைக்குக் கீழே உள்ள தரைப்பாலத்தை இந்த நுரை மூடி, கரையோரக் கிராமங்களுக்குப் போகிற பாதையே அடைபட்டது.

நுரையால் ஆற்றுக்கும் வயலுக்கும் என்ன கேடு என்று நிறைய எழுதியாகிவிட்டது. இந்த வாரம் பேசப்போவது வேறு. இப்படிப்பட்ட தண்ணீர் உங்கள் காருக்குள் புகுந்தால், அதன் ஒயரிங்கும் ஃபியூஸ் பாக்ஸும் என்ன ஆகும்? அதை எப்படிக் காய வைப்பது?

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டு, எல்லை தாண்டி 44.28 அடி உயரமுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது. சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கும் திரவம், சாக்கடை, தொழிற்சாலைக் கழிவு எல்லாம் அதில் உண்டு. 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலையும் சர்ஜாபூர் சாலையும் மூழ்கினபோது, அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் கோடி ரூபாய் கார்கள் மிதந்த படங்கள் ஞாபகம் இருக்கும். அந்த வட்டாரத்து ஏரிகளின் வடிகால் கடைசியில் வந்து சேரும் இடம்தான் கெலவரப்பள்ளி.

வெள்ளம் பெங்களூரோடு நிற்கவும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்த் தள்ளியது. அவற்றில் பல, வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்களின் வண்டிகள். மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிற வண்டி தண்ணீரில் நிற்பதைப் பார்க்கிறவருக்கு, அடுத்த நாளே அது ஓட வேண்டும் என்ற அவசரம் வருவது இயல்புதான்.

அந்த அவசரத்தில்தான் பெரிய நஷ்டம் நடக்கிறது.

மழை விட்ட மறுநாள் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். பானெட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள். நான்கு கதவும் திறந்திருக்கும். மதியம் வரைக்கும் நல்ல வெயில். மேலே தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை. "அண்ணே, நல்லா காஞ்சிடுச்சு. ஒரே ஒரு செல்ஃப் அடிச்சுப் பாக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்து வீட்டு அண்ணனும் "பாருப்பா, என்னாயிடப் போகுது" என்பார். சில வண்டிகள் உடனே ஸ்டார்ட் ஆகியும்விடும். மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி வைப்பர் தானாகவே ஆடும், ஹாரன் விடாமல் அடிக்கும், சென்ட்ரல் லாக் தானாக ஏறி இறங்கும், டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். வெள்ளத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று வண்டிக்காரர் தலையைச் சொறிவார்.

சம்பந்தம் இருக்கிறது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். அதில் கரைந்திருக்கிற உப்பும் சோப்பும் அழுக்கும்தான் மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கின்றன. காரில் இருப்பது வெறும் 12 வோல்ட். தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் அந்த 12 வோல்ட், அழுக்குத் தண்ணீர், பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு செம்புப் பின்கள், இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு குட்டி முலாம் பூசும் பட்டறை. கவரிங் நகைக்கு முலாம் பூசுவது எப்படி என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு பின்னிலிருந்து உலோகம் கரைந்து வெளியேறும். கரைந்த இடம் மெலிந்துகொண்டே போகும். பச்சையும் வெள்ளையுமாக ஒரு மாவு படியும். பழைய பேட்டரி போட்ட டார்ச் லைட்டைத் திறந்தால் தெரியுமே, அதுமாதிரி.

வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சரி. அதில் இருந்த உப்பும் சோப்பும் எங்கே போகும்? எங்கேயும் போகாது. பின்களுக்கு நடுவே மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராத்திரி பனி இறங்கும்போதோ, அடுத்த மழையில் காற்று ஈரமாகும்போதோ அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கும். ஓசூர் மாதிரி காலையில் குளிர் இறங்குகிற ஊரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. மூன்று வாரம் கழித்து வைப்பர் ஆடிய ரகசியம் இதுதான்.

நுரைத் தண்ணீருக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. வெறும் தண்ணீர் பிளாஸ்டிக் மேல் பட்டால் முத்து முத்தாக உருண்டு நிற்கும். சோப்பு கலந்த தண்ணீர் அப்படி நிற்காது, படர்ந்து ஓடும். சட்டையில் சோப்பு இறங்கி அழுக்கை எடுப்பதும் அந்தக் குணத்தால்தான். அதனால் சாதாரண மழைத்தண்ணீர் எட்டிப் பார்க்காத இடுக்குகளிலும் கப்ளர்களிலும் நுரைத் தண்ணீர் நுழைந்துவிடும். கெலவரப்பள்ளி தரைப்பாலத்தைத் தாண்டி வந்த வண்டியும், தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் நின்ற வண்டியும் ஒரே அளவு நனைந்திருந்தாலும், ரெண்டுக்கும் வைத்தியம் ஒன்று இல்லை.

சாவி அணைந்திருந்தாலும் கரண்ட் ஓடும்

"சாவியைத்தான் எடுத்துட்டோமே" என்று பலரும் நினைக்கிறார்கள். கார்க் கடிகாரம், ரிமோட் லாக், திருட்டு அலாரம் இவற்றுக்கெல்லாம் சாவி இல்லாதபோதும் பேட்டரியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் ஃபியூஸ் பாக்ஸில் சில பின்கள் இருபத்து நான்கு மணி நேரமும் உயிரோடு இருக்கும். வண்டி நனைந்தது தெரிந்தால், தண்ணீர் வடிந்து பாதுகாப்பாகக் கிட்டே போக முடிந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றுவது. பெரும்பாலான கார்களில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது நேர் எதிர்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

அதற்கு முன் செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்றை இழுக்கிற வழியில் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஃபியூஸ் பாக்ஸை மாற்றுகிற செலவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இனி ஃபியூஸ் பாக்ஸ். பெரும்பாலான கார்களில் ரெண்டு இருக்கும். ஒன்று பானெட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில். இன்னொன்று உள்ளே, டாஷ்போர்டுக்குக் கீழே, பெரும்பாலும் டிரைவர் முழங்காலுக்கு எதிரே. வெளியே இருப்பதற்கு மூடியும் ரப்பர் ஓரமும் உண்டு, ஓரளவு தாங்கும். உள்ளே இருப்பதைச் செய்தவர்கள், தண்ணீர் அங்கே வரும் என்றே நினைத்திருக்க மாட்டார்கள். இப்போது வருகிற பல கார்களில் அதோடு சேர்ந்தே கதவு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் இருக்கும். தண்ணீர் கதவு விளிம்பைத் தாண்டி சீட் மட்டத்துக்கு ஏறியிருந்தால், அந்தப் பெட்டியைக் கழற்றுவது நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் வேலை. வீட்டில் கை வைக்க வேண்டாம்.

தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை, பானெட்டுக்குள் இருக்கிற பாக்ஸ் மட்டும்தான் நனைந்திருக்கிறது என்றால் வீட்டிலேயே செய்யலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டரியைக் கழற்றிய பிறகு மூடியைத் திறந்து முதலில் செல்போனில் படம் எடுங்கள். நேராக ஒன்று, சாய்வாக ரெண்டு. மூடியின் உள்பக்கத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று ஒரு அட்டவணை இருக்கும், அதையும் எடுத்து வைக்கவும். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல், கழற்றிய இருபது ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள்தான் அதிகம். பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க வேண்டும். மூடிக்குள்ளேயே இடுக்கி மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் சாமான் சொருகியிருக்கும். ரிலேக்களை ஆட்டி ஆட்டி மேலே இழுத்தால் வந்துவிடும். உள்ளே தண்ணீர் போன ரிலேயைக் காய வைத்து மறுபடி போடுவதைவிட, புதிதாக மாற்றுவது நல்லது. மற்ற உதிரிபாகங்களோடு ஒப்பிட்டால் ரிலேவும் ஃபியூஸும் மலிவு. ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்து வருவதைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். காய வைப்பதற்கு முன், மறுபடி கழுவ வேண்டும்.

கழுவுவது பைப்புத் தண்ணீரில் இல்லை, ஓசூர் பக்கத்து போர் தண்ணீரில் நிச்சயமாக இல்லை. பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கேனில் விற்கிற பேட்டரி வாட்டரில். அதில் உப்பு நீக்கப்பட்டிருக்கும். ஆசிட் கேன் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பழைய மென்மையான டூத் பிரஷ் ஒன்றால் பின்களுக்கு நடுவே மெதுவாகத் தேய்த்து, அதே தண்ணீரை ஊற்றி, நுரையும் சேறும் போகும்வரை அலச வேண்டும். பேட்டரி கழற்றியிருப்பதால் இந்தத் தண்ணீரால் ஆபத்து இல்லை. வழிந்து வெளியேற அடியில் துவாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும். பாக்ஸுக்கு வரும் கப்ளர்களையும், பூட்டுகிற கொக்கியை அழுத்திக் கழற்றி இதே மாதிரி அலசலாம். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இதற்கு மேல் ஒரு கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பேர்தான் பெரிசு. செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் நனைந்த போனைத் திறந்து துடைப்பது இதில்தான், அவர்கள் 'ஐபிஏ' என்பார்கள். இடுக்குகளில் தங்கிய தண்ணீரோடு கலந்து, சீக்கிரமே ஆவியாகிப் போய்விடும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி கூடாது. கான்டாக்ட் கிளீனர் என்று விற்கிற ஸ்பிரேயும் இந்த வேலையைச் செய்யும். கை கழுவுகிற சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் இருக்கிற பிசுபிசுப்பு பின்னிலேயே தங்கிவிடும். பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பழைய கார்புரேட்டருக்கு அது சரி, பிளாஸ்டிக்கும் ரப்பரும் நிறைந்த ஃபியூஸ் பாக்ஸுக்கு வேண்டவே வேண்டாம்.

எல்லோர் வீட்டிலும் இருக்கிற நீல டப்பா டபிள்யூடி-40 பற்றியும் கேட்பார்கள். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்த அந்தத் திரவத்தின் பெயரே 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', அதாவது தண்ணீரை விலக்குவது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் 40. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் காக்கத்தான் முதலில் பயன்பட்டது. ஆக அவசரத்துக்கு அது உதவும். ஆனால் உள்ளே இருக்கிற உப்பை அது கழுவி எடுக்காது, மேலே ஒரு எண்ணெய்ப் பூச்சையும் விட்டுப்போகும். கழுவிக் காய வைப்பதற்குப் பதிலாக அதை அடித்துவிட்டு மூடியை மாட்டினால், அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

இப்போதுதான் காய வைக்கிற கட்டம். வீட்டில் இருக்கிற டேபிள் ஃபேன் போதும். பாக்ஸைப் பார்த்து வைத்துவிட்டு, குறைந்தது ரெண்டு நாள் ஓடவிடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டலாம். பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றை நேராக அடித்தால் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே போகும். தூரத்தில் வைத்து மெதுவாகத்தான் அடிக்க வேண்டும். கழற்றிய ஃபியூஸ்களை, புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு வைக்கலாம்.

அரிசிப் பானையில் போடலாமா என்று யாராவது கேட்டால், செல்போனுக்கே அது வேண்டாம் என்று 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் சொல்லிவிட்டது. அரிசித் துகள் உள்ளே போய்த் தொல்லை கொடுக்கும். அரிசி சோற்றுக்கு இருக்கட்டும்.

நிறம் பார்த்து மாட்டுங்கள்

காய்ந்த பிறகு படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் மாட்ட வேண்டும். ஃபியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும். பிரவுன் 7.5 ஆம்பியர், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மேலே எண்ணும் பொறித்திருக்கும். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பே வர வேண்டும். பின்களில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் அடுத்த மழைக்கு ஈரம் ஏறாது.

மைனஸ் ஒயரை மாட்டினதும் உடனே வண்டியைக் கிளப்ப வேண்டாம். முதலில் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி, விளக்கு, வைப்பர், ஜன்னல், ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது ஒரு ஃபியூஸ் போனால் அதே அளவில் புதியது போடலாம். ரெண்டாவது முறையும் போனால் அந்த லைனில் ஷார்ட் இருக்கிறது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அங்கே 15-க்குப் பதில் 30 போடுவது, சிகரெட் பெட்டி ஃபாயிலைச் சுற்றிச் சொருகுவது, ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிக் கட்டுவது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. ஃபியூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாக டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் சூடாகும். அதைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக்கும் பஞ்சும்.

ரெண்டு இடங்களில் வீட்டு வைத்தியமே கூடாது. ஒன்று, மஞ்சள் நிற உறையோ கப்ளரோ உள்ள ஒயர்கள். அவை ஏர்பேக்குக்கு உரியவை. இன்னொன்று, ஆரஞ்சு நிறக் கேபிள்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிற பாதை அது. ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகின்றன, இந்த வட்டாரத்தில் அவை ஓடுவதும் அதிகம். பல ஸ்கூட்டர் பேட்டரிகளில் ஐபி67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, சாக்கடை வெள்ளத்தில் ராத்திரி முழுக்க நிற்பதற்கான உத்தரவாதம் அது இல்லை. 2022-ல் இயான் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் புளோரிடாவில், கடல்நீரில் மூழ்கிய எலெக்ட்ரிக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. மூழ்கிய எலெக்ட்ரிக் வண்டியைச் சார்ஜில் போடாமல், வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாமல், கம்பெனி சர்வீஸ் ஆட்களை வரச்சொல்வது உத்தமம்.

வெள்ளம் வராமலும் நனையும்

ஃபியூஸ் பாக்ஸ் நனைய ஆறு பெருக வேண்டும் என்றில்லை. வண்டியை வேப்பமரத்தடியிலோ தூங்குமூஞ்சி மரத்தடியிலோ நிறுத்துகிறீர்களா? வைப்பருக்குக் கீழே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். பொடி இலைகள் மக்கி, மழைத்தண்ணீர் வெளியேறும் துவாரத்தை அடைத்திருக்கும். போக வழியில்லாத தண்ணீர் டாஷ்போர்டுக்குள் இறங்கும். ஏசி தண்ணீர் சொட்டுகிற பைப் அடைத்தாலும் அப்படித்தான், முன்சீட்டின் கால் வைக்கிற இடம் காரணமே இல்லாமல் ஈரமாகும். இன்னொரு குற்றவாளி வாட்டர் வாஷ். ஆயுதபூஜைக்கு முன் பளபளப்பாக வேண்டும் என்று பானெட்டைத் திறந்து பிரஷர் கன்னை நேராக ஃபியூஸ் பாக்ஸில் காட்டுவார்கள். கூட நின்று, "இன்ஜின் பக்கம் தண்ணி அடிக்காதீங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

உள்ளே தண்ணீர் வந்த வண்டியில் கார்ப்பெட்டைத் தூக்கியே ஆக வேண்டும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் இருக்கிற கெட்டியான ஃபோம் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பின்பக்க விளக்குக்கும் பெட்ரோல் பம்புக்கும் போகிற ஒயர் கட்டு பல கார்களில் கதவு ஓரமாக அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் போகிறது. சீட்டைக் கழற்றாமல் இந்த வேலை முடியாது. சீட்டுக்கு அடியிலும் மஞ்சள் கப்ளர்கள் இருக்கலாம், அதனால் பட்டறையில் விடுவது நல்லது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்று. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசி இருந்தால் வெள்ளத்தால் ஆன சேதம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யப் போய் இன்ஜின் உடைந்தால், அது வெள்ளச் சேதம் இல்லை, நீங்களே வரவழைத்த பின்விளைவு என்று சாதாரண பாலிசியில் கைவிரித்துவிடுவார்கள். அதற்குத்தான் 'இன்ஜின் புரொட்டெக்ட்' என்று தனியாக ஒரு சேர்க்கை விற்கிறார்கள். அதையும் எந்தெந்த நிலையில் தருவார்கள் என்று வாங்கும்போதே படித்துக்கொள்ளவும். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரிகிற மாதிரி படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, அவர்கள் ஆள் பார்க்கும்வரை எதையும் கழற்றாமல் இருப்பது நல்லது. பேட்டரி இணைப்பை மட்டும் கழற்றிவைக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது, சில கார் நிறுவனங்கள் வண்டிகளை இலவசமாக இழுத்துச் செல்கிற உதவியை அறிவித்தன. இப்படி அறிவிப்பு வருகிறதா என்று கம்பெனி ஆப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் பார்ப்பது வீண் போகாது.

பழுது பார்க்கும் செலவு, வண்டிக்குப் பாலிசியில் போட்டிருக்கிற மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழுச் சேதமாகக் கணக்கிட்டு, பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வார்கள். அந்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுக்கிறவர்களில் உதிரிபாகத்துக்காக எடுப்பவர்களும் உண்டு, துடைத்து மெருகேற்றி மறுபடி விற்பவர்களும் உண்டு. பெங்களூர் பதிவெண்ணோடு ஓசூர்ப் பக்கம் விலை குறைவாகக் கிடைக்கிற கார் எல்லாம் வெள்ளத்தில் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்துவிட்டு வாங்கலாமே. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், யாரும் கழுவ மறக்கிற இடம் அது. அங்கே சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் நகருகிற தண்டவாளத்தில் துரு, பின்பக்க டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழியில் வண்டல், ஏசி போட்டதும் வருகிற ஒரு புழுங்கல் வாடை... இவையெல்லாம் அடையாளம். கடைசியாக ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, ரெண்டு மூன்று ஃபியூஸைப் பிடுங்கி, அதன் கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை தெரிந்தால் விற்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.